மூன்று மாதம் வந்து பார்க்கக் கூடாது என்கிற ஹோமில் அண்ணனைச் சேர்க்கலாமா?

02.06.2024: கேள்வி

அண்ணனுக்கு 41 வயது. மனச்சிதைவு நோய். கல்லூரி முடிக்கிற வருஷத்தில் ஆரம்பித்தது. அப்பா இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு, இனி அவரால் முடியாது. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். சின்ன வீடு, சின்னப் பிள்ளைகள். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஹோம் போய்ப் பார்த்தோம். தரை பளிச்சென்று இருந்தது. முப்பது பேர் இருக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. மாதம் 18,000, முன்பணம் 50,000. 'சேர்த்துவிட்டு மூன்று மாதம் வராதீர்கள், போனும் பண்ணாதீர்கள், அப்போதுதான் இடம் பழகும்' என்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா? நல்ல ஹோம் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

03.06.2024, காலை: பதில்

சேர்க்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

என் தம்பிக்கும் இதே நோய்தான். அவனுக்காக நிறைய ஹோம் வாசல் ஏறி இறங்கியிருக்கிறேன், சிலவற்றில் அவன் வருஷக்கணக்கில் இருந்தும் இருக்கிறான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

மூன்று மாதம் வராதே என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 26ஆம் பிரிவு. உள்ளே இருப்பவருக்கு யாரைப் பார்க்கலாம், யாரைப் பார்க்க வேண்டாம், யாருக்குப் போன் பேசலாம் என்று முடிவு செய்யும் உரிமை உண்டு. பார்வை நேரம் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று நிர்வாகம் நேரம் குறிக்கலாம். உங்கள் அண்ணனே 'எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை' என்றால் அது அவர் இஷ்டம். அலுவலக அறையில் உட்கார்ந்திருப்பவர் அவருக்காக அதைச் சொல்ல முடியாது. அதோடு, மூன்று மாதத்தில் எந்தக் காயமும் ஆறிவிடும். யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது அந்தச் சத்தமில்லாத விஷயம். எத்தனை மணிக்குப் போனீர்கள்? பகல் பதினொரு மணிக்கு முப்பது ஆண்கள் இருக்கிற கூடத்தில் சத்தமே இல்லை என்றால், தூக்க மருந்து கொஞ்சம் தூக்கலாகவே போகிறது என்று எனக்குத் தோன்றும். முப்பது பேர் இருந்தால் ஒருவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார், இன்னொருவர் குறைக்கச் சொல்லித் திட்டுவார், ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பார், யாராவது உங்களிடம் வந்து பத்து ரூபாய் கேட்பார். இதெல்லாம் இருந்தால் பயப்படாதீர்கள். இல்லையென்றால் பயப்படுங்கள்.

நான் எங்கே போனாலும் ஒன்றுதான் கேட்பேன்: இங்கே ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? குளிக்க வேண்டாம், சாப்பாடு வேண்டாம், மாத்திரை வேண்டாம். மூன்றையும் தனித்தனியாகக் கேட்பேன். ஒரு இடத்தில் 'அப்படியெல்லாம் இங்க யாரும் சொல்ல மாட்டாங்க மேடம்' என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் வார்டன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: 'குளிக்கிறதுன்னா நாளைக்குன்னு விட்டுருவோம். மூணாவது நாளும் மாட்டேன்னா வெந்நீர் போட்டு, அவருக்கு யாரைப் பிடிக்குமோ அந்தப் பையனை அனுப்பிப் பேச வைப்போம். மாத்திரைன்னா ஒரு மணி நேரம் கழிச்சு வேற ஆள் கேப்பாங்க. அப்பவும் இல்லைன்னா நோட்டுல எழுதிட்டு டாக்டருக்குப் போன்.' அங்கே உட்கார்ந்து டீ குடித்தேன்.

03.06.2024, இரவு

கழிப்பறையைப் பாருங்கள். சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சுத்தம் எல்லா இடத்திலும் பினாயில் வாசத்தோடு இருக்கும், பார்வையாளர் வருகிறார் என்றால் இன்னும் இருக்கும். கதவு இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, வெளியிலிருந்து அவசரத்துக்குத் திறக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். தற்கொலை பயம் என்று சொல்லிக் கதவையே கழற்றி வைத்திருக்கிற இடங்கள் உண்டு. வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பினால் திறக்கிற தாழ்ப்பாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது.

05.06.2024

'சட்டம் பேசிப் பிரயோஜனம் இல்லை, எல்லா ஹோமும் ஒன்றுதான்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்றுதான் என்றால் நல்ல வார்டனும் கெட்ட வார்டனும் ஒன்றாகிவிடுவார்கள். கெட்டவருக்கு அதுதான் வசதி.

ஏர்வாடியை இங்கே பாதிப் பேர் மறந்திருப்பீர்கள், மீதிப் பேர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவைச் சுற்றி இருந்த தனியார் ஹோம்களில் ஒன்று. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைக் கட்டிலோடும் கம்பத்தோடும் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். தீப்பிடித்தபோது ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கிருந்த ஹோம்களை மூடி, ஐந்நூறு பேருக்கு மேல் அரசுப் பொறுப்பில் எடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது.

எங்கள் வீட்டிலும் அதற்கு முந்தைய வருஷங்களில் ஏர்வாடிப் பேச்சு இருந்தது. சித்தப்பா ஒருவர் வேனே பேசிவிட்டார். அப்பா ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் சங்கிலி இல்லை, தூரம். மாதாமாதம் போய்வர முடியாது என்றார். சங்கிலி போடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் யாரும் அதை மறைக்கவில்லை, கேட்டவர்களும் அதிரவில்லை.

இப்போது சட்டத்தில் இருப்பது: எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது (95ஆம் பிரிவு). தனி அறையில் அடைக்கக் கூடாது. கட்டிப்போடுவது, தனக்கோ அடுத்தவருக்கோ உடனடி ஆபத்து என்கிற நிலையில், வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதித்து, பதிவு செய்து, தேவையான நேரத்துக்கு மட்டும். 97ஆம் பிரிவில் எனக்குப் பிடித்த வரி ஒன்று இருக்கிறது: ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது. இதை எழுதிய புண்ணியவான் யாரோ ஒரு ராத்திரி ஹோமில் தங்கிப் பார்த்திருக்க வேண்டும். கட்டினால் 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது தன் சார்பில் பேச அவரே நியமித்தவருக்கு, சொல்ல வேண்டும்.

அந்தப் பிரதிநிதி யார் என்று உங்கள் அண்ணனிடம் கேட்டீர்களா? அவர்தான் நியமிக்க வேண்டும், எழுத்தில். அம்மாவைச் சொல்லலாம், உங்களைச் சொல்லலாம், நண்பரைக்கூடச் சொல்லலாம்.

'நாங்கள் ஆசிரமம்தான், ஆஸ்பத்திரி இல்லை, லைசென்ஸ் தேவையில்லை' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மனநோய் உள்ளவரைச் சேர்த்து, தங்கவைத்துப் பராமரிக்கிற எந்த இடமும் மனநல நிறுவனம்தான், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தே தீர வேண்டும். உறவினரோடும் நண்பரோடும் வாழ்கிற வீட்டுக்குத்தான் விலக்கு. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், சுவரில் மாட்டியிருந்தால் தேதியைப் படியுங்கள். 2023இல் விழுப்புரம் மாவட்டத்தில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு ஆசிரமத்தில் ஆட்கள் காணாமல் போனதாகவும் கொடுமைப்படுத்தப்பட்டதாகவும் புகார் வந்தது எல்லோரும் செய்தியில் பார்த்ததுதான்.

05.06.2024, சேர்க்கை

ஒரு கேள்வி விட்டுப்போனது: 'எந்தப் பிரிவின்கீழ் சேர்க்கிறீர்கள்?' சம்மதித்து வருபவர் சுயமாகச் சேருகிறவர், அவர் நினைத்தால் வெளியேறலாம். முடிவெடுக்க முடியாத நிலையில் துணையோடு சேர்ப்பது 89ஆம் பிரிவு, அதிகபட்சம் 30 நாள். அதற்கு மேல் என்றால் 90ஆம் பிரிவு, மனநல மறு ஆய்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். முதலில் 90 நாள் வரை, அப்புறம் 120, அப்புறம் 180. வருஷக்கணக்கில் உள்ளே இருப்பவரின் ஃபைலில் இந்தத் தாள்கள் இருக்க வேண்டும். நான் கேட்டபோது ஒரு மேலாளர், 'நீங்க வக்கீலா?' என்றார். இல்லை, அக்கா என்றேன்.

08.06.2024

ஹோமில் மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்டிருந்த நண்பருக்கு. இது நீளும்.

தம்பி இருந்த ஒரு ஹோமில், சாயங்காலம் நாலு மணி வாக்கில் நர்ஸ் மேஜையில் மருந்துப் பதிவேடு திறந்து கிடந்தது. அன்றைய தேதிக் கட்டத்தில் காலை, மதியம், ராத்திரி மூன்றுக்கும் டிக் போட்டு, கையெழுத்தும் ஆகியிருந்தது. ராத்திரி மாத்திரை கொடுக்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். எல்லா நாளும் ஒரே மை, ஒரே சாய்வு. ஒரு மாதத்தில் முப்பது பேரில் ஒருவர்கூட ஒரு வேளைகூட மறுக்கவில்லையாம். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்புகிற ஆள் என் தம்பி. அவன் பெயருக்கு நேரேயும் தொண்ணூறு டிக். மறுத்ததை எழுதாத பதிவேட்டை வைத்து டாக்டர் என்ன செய்வார்? மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டுவார். அதுதான் நடந்தது.

நல்ல இடத்துப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும். 'வாங்க மறுத்தார், 9.15க்குக் கொடுத்தது' என்று இருக்கும். அதைத் தேடுங்கள்.

க்ளோசபின் சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மற்ற மருந்துக்கெல்லாம் மசியாத மனச்சிதைவுக்கு அதுதான் கை கொடுக்கிறது, என் தம்பிக்கும் கொடுத்தது. ஆனால் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறமும் விடாமல் இடைவெளி விட்டுப் பரிசோதனை. காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் க்ரோசின் கொடுத்துப் படுக்க வைக்கிற வேலை கூடாது, அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கல் இன்னொரு ஆபத்து. சாதாரணமாக நினைப்பார்கள், ஆனால் குடல் அடைத்து உயிர் போனவர்கள் உண்டு. 'கடைசியாக எப்போது வெளிக்குப் போனார்?' என்று கேட்டால் கேர்டேக்கர் சிரிக்காமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். ராத்திரி எச்சில் ஊறும், தலையணை நனையும். தலையணை உறை தினமும் மாற்றுகிற ஹோமை நான் ஒன்றுதான் பார்த்தேன்.

பீடி விஷயம் யாரும் சொல்லித் தருவதில்லை. புகை, க்ளோசபினை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். நிறையப் புகைக்கிறவருக்கு அதற்கேற்றபடி டோஸ் இருக்கும். ஹோமில் சேர்த்த அன்றே பீடியைப் பிடுங்கினால், அதே டோஸ் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். தள்ளாட்டம், தூக்கம், சிலருக்கு வலிப்புகூட. 'வந்து ஒரு வாரத்துல எப்படி அடங்கிட்டார் பாருங்க' என்று அவர்கள் பெருமையாகச் சொல்வது சில சமயம் இதைத்தான். பீடியை நிறுத்துவது நல்லதுதான், டாக்டருக்குச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அண்ணன் புகைப்பாரா?

மனநிலை ஏறி இறங்காமல் இருக்கத் தருகிற லித்தியம் எடுப்பவர்களுக்கு நம் ஊர்க் கத்திரி வெயில் எதிரி. தண்ணீர் குறைந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் கூடும். கை நடுக்கம், வாந்தி, குழறல் வந்தால் உடனே பார்க்க வேண்டும். உடம்பு வலி என்று டைக்ளோஃபினாக், புரூஃபென் கொடுத்தாலும் லித்தியம் ஏறும். குடிதண்ணீர் கேன் கூடத்தில் இருக்கிறதா, பூட்டிய சமையலறையில் இருக்கிறதா? எழுந்துபோய்த் தானே தண்ணீர் பிடித்துக் குடிக்க முடிய வேண்டும்.

பல்லையும் பாருங்கள். மனநோய் மருந்தால் வருகிற கை நடுக்கத்துக்குத் தருகிற பேசிடேன் மாதிரி மருந்துகள் வாயை உலர்த்தும், பல் சொத்தையாகும். நாற்பது வயதில் பல்லில்லாதவர்கள் ஹோமுக்கு நாலு பேர் இருப்பார்கள். பல் டாக்டரிடம் யார் அழைத்துப் போகிறார்கள் என்று கேட்டால் ஒரு அமைதி வரும்.

08.06.2024, இரவு

'இவ்வளவும் பார்த்தால் ஹோமே கிடைக்காது அக்கா' என்கிறீர்கள். உண்மைதான். எல்லாம் சரியாக இருக்கிற ஹோம் இருந்தால் நானே போய்ச் சேர்ந்துகொள்கிறேன், எனக்கும் வீட்டு வேலை சலித்துவிட்டது.

15.06.2024

இன்று வேறு ஒன்று. அன்னதானம்.

கல்யாண நாள், பிறந்த நாள், திவசம் எதுவானாலும் நம்மவர்கள் ஹோமுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. நான் பார்த்த ஒரு மதியத்தைச் சொல்கிறேன். கொடையாளர் குடும்பம் ஒன்றரை மணிக்கு வருவதாகச் சொல்லி இரண்டரைக்கு வந்தது. அதுவரை எல்லோரும் இலை முன்னால். சுகர் இருப்பவர்கள் உண்டு, காலை மாத்திரைக்குப் பசி எடுத்தவர்கள் உண்டு. வடை ஆறிக் கல்லாகிவிட்டது. வந்ததும் கேக் வெட்டினார்கள், இவர்கள் கைதட்டிப் பாட்டுப் பாட வேண்டும், அப்புறம் குழந்தையின் பெயர் சொல்லி நீடூழி வாழ்க என்று பிரார்த்தனை, அப்புறம் வரிசையாக நிறுத்தி போட்டோ. தம்பி 'எனக்கு போட்டோ வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பினான். கேர்டேக்கர் தாடையைப் பிடித்துத் திருப்பினார். அடிக்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் செய்தார். சாயங்காலம் அந்தப் படம் ஃபேஸ்புக்கில்.

24ஆம் பிரிவின்படி, சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது. ஃபேஸ்புக் ஊடகமா என்று வாதாடலாம், எனக்குத் தெம்பில்லை. நான் மேனேஜரிடம் சொன்னது இவ்வளவுதான்: சாப்பாடு ஒரு மணிக்குப் போடுங்கள், கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அவர் சொன்னார், 'சாப்பிட்டு முடிச்சிருந்தா அவங்க அடுத்த வருஷம் தர மாட்டாங்க மேடம்.' அதுவும் உண்மையாகவே இருக்கலாம்.

ஆகவே அன்னதானம் செய்கிற அன்பர்களுக்கு: பணத்தைக் கட்டிவிட்டு வீட்டில் இருங்கள். அல்லது நேரத்துக்குப் போய்ப் பந்தியில் கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அப்படியே உடையும் முடியும். ஒரே நிறச் சட்டை, ஒரே ஒட்ட வெட்டிய தலை. பேனுக்காக என்பார்கள். கட்டாய மொட்டையும் கட்டாயச் சீருடையும் கூடாதென்று 20ஆம் பிரிவில் இருக்கிறது. கட்டாய வேலையும் கூடாது, வேலை செய்தால் கூலி தர வேண்டும். 'சிகிச்சையின் ஒரு பகுதி' என்று சொல்லி முப்பது பேர் பாத்திரத்தையும் ஒருவரே தேய்த்துக்கொண்டிருந்தால், கூலி எவ்வளவு என்று கேளுங்கள். தம்பியைப் பார்க்கப் போகும்போது அவன் போட்டிருக்கிற சட்டை அவனுடையதா என்று முதலில் பார்ப்பேன். காலரில் சலவைக்காரர் மையால் எழுதியிருப்பார். வேறு யாருடைய எழுத்தோ இருந்தால், அந்த வாரம் மற்றதும் கலந்துதான் நடந்திருக்கும்.

16.06.2024

ஹோம் நடத்துகிறவர் ஒருவர் கோபமாகப் பதில் எழுதியிருக்கிறார். 'உங்கள் 18,000 ரூபாயில் ஐந்து நட்சத்திரம் கேட்கிறீர்கள்' என்று. அவர் பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உத்தேசக் கணக்குதான்.

முப்பது பேர் × 18,000 = 5,40,000. எல்லோரும் முழுதாகவும் சரியாகவும் கட்டினால். பத்துப் பேருக்கு ஒரு கேர்டேக்கர் என்றால் ஷிஃப்டுக்கு மூன்று பேர், மூன்று ஷிஃப்டுக்கு ஒன்பது, வார விடுமுறைக்கு மாற்று ஆள் சேர்த்தால் பதினொன்று. தலைக்கு 15,000 வைத்தால் 1,65,000. மூன்று நர்ஸ் 60,000. சமையல் இருவர் 35,000. வாடகை 80,000. மூன்று வேளைச் சாப்பாடும் டீயும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 என்றால் 1,08,000. இதுவே 4,48,000. மீதி 92,000இல் மனநல மருத்துவர், சமூகப் பணியாளர், கரண்ட், தண்ணீர் லாரி, கேஸ், வண்டி. பத்து வீட்டுக்காரர்கள் பாக்கி வைத்தால் போச்சு.

அப்புறம் எங்கே கை வைப்பார்? ராத்திரியில். பார்வையாளர் ராத்திரி வருவதில்லை. மூன்று ஷிஃப்ட் இரண்டாகும், ராத்திரிக்கு மூன்று பேர் ஒருவராவார். அவரும் பகலில் வேலை பார்த்தவர். ஒரு ஆளும் முப்பது பேரும் இருக்கிற ராத்திரியில் 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அந்த ஆளால் ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கதவைப் பூட்டுவார், அல்லது ஒரு மாத்திரையைக் கூட்டுவார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை.

ஆகவே ஹோம்காரரே, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு, ராத்திரி எத்தனை பேர் என்பதைச் சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள். இரண்டாயிரம் கூடக் கேளுங்கள், என்னைப் போன்றவர்கள் தருவோம். நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஏனென்றால் பக்கத்து ஹோம் 15,000க்கு எடுத்துக்கொள்கிறது. அங்கே சேர்க்கவும் ஆள் இருக்கிறது.

22.06.2024

பணப் பேச்சு வந்ததால் சில துண்டுகள்.

மனச்சிதைவுக்கு நிராமயா மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. அது தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்கீழ் வருவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கு மட்டும். மனச்சிதைவு அதில் இல்லை. ஆனால் 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோய் இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சான்றிதழ் வாங்கலாம், அட்டை வாங்கலாம். அதை வைத்து, பழைய வருமான வரி முறையில் இருக்கிற, அவரைப் பராமரிக்கும் உறவினர்கள் வரிக்குரிய வருமானத்தில் 75,000 கழித்துக்கொள்ளலாம், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000.

மத்திய அரசு ஓய்வூதியர்களின் பிள்ளைகளுக்கு மனநோயால் சம்பாதிக்க முடியாத நிலை என்றால், 25 வயதுக்கு மேலும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் இருக்கும்போதே பெயரைப் பதிய வைத்துவிடுங்கள். அப்புறம் அலைவது பெரும்பாடு.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்கு என்ன தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும், மனநலப் பராமரிப்புச் சட்டம் 21ஆம் பிரிவு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு. ஹோம் மாதக் கட்டணத்தை யாரும் தருவதில்லை.

மருந்துக்குத் தனி பில் போடுகிற ஹோம் என்றால் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அடிப்படை மருந்துகள் இலவசம். வரிசை நீளம்தான், காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும்.

30.06.2024

ஒரு வாரமாக இந்த இழையையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஹோம்காரர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன், எங்களைப் பற்றி எழுதவில்லை.

'சேர்த்துவிட்டு மூன்று மாதம் வராதே' என்கிற விதியை ஹோம்காரர் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. கேட்டு நிம்மதியாகிற குடும்பங்கள் இருக்கின்றன. என் மகளுக்கு வரன் பார்த்த சமயத்தில், மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது 'தாய்மாமன்?' என்று கேட்டார்கள். 'வெளியூரில் வேலை' என்றார் என் கணவர். நானும் காபித் தட்டோடு நின்றேன், மறுத்துப் பேசவில்லை. அந்த மாதங்களில் தம்பி இருந்த ஹோமிலிருந்து போனே வராதது எனக்கு நல்ல ஹோமின் அடையாளமாகத்தான் தெரிந்தது. பதினைந்து வருஷமாக யாரும் வராத ஆட்கள் ஒவ்வொரு ஹோமிலும் இருக்கிறார்கள். பணம் மட்டும் மாதம் ஐந்தாம் தேதிக்குள் வங்கியில் வந்துவிடும். அவர்களைப் பற்றிக் கேட்டால் வார்டன் 'நல்ல பார்ட்டி, பிரச்சினை இல்லாத குடும்பம்' என்பார்.

இதனால்தான் இப்போது ஹோம் பார்க்கப் போகிறவர்களிடம் இன்னொன்று கேட்கச் சொல்கிறேன்: போன வருஷம் இங்கிருந்து எத்தனை பேர் வெளியே போனார்கள், எங்கே? வீட்டுக்கு, வேலைக்கு, வாடகை அறைக்கு, எதுவானாலும் சரி. ஒருவர்கூட இல்லை என்றால் அங்கே யாரும் குணமாவதில்லை என்று அர்த்தமில்லை. கூட்டிப்போக யாரும் வருவதில்லை என்றும் இருக்கலாம். ஆனால் விடை தெரிந்துகொள்வது நல்லது.

சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்று நடத்துகிறது. வருஷக்கணக்கில் நிறுவனங்களில் இருந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஊருக்குள் ஒரு சாதாரண வாடகை வீட்டில் இருக்கிறார்கள். உதவிக்கு ஒருவர். என்ன சமைப்பது, யார் கடைக்குப் போவது, எப்போது தூங்குவது எல்லாம் அவர்கள் முடிவு. இதைப் படித்தபோது முதலில் 'நம் வீட்டுக்காரர்களே வாடகைக்கு விட மாட்டார்களே' என்றுதான் தோன்றியது. விட்டிருக்கிறார்கள், கேரளத்திலும் மற்ற மாநிலங்களிலும்கூட. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் 'ஸ்கார்ஃப்' என்கிற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்து, பகல் நேரத்தில் வந்து வேலை கற்றுக்கொண்டு போகிற முறையும் சென்னையில் இருக்கிறது. எல்லோருக்கும் முழுநேர ஹோம்தான் வழி என்று இல்லை. ஆனால் சென்னையில் இருப்பது பெரம்பலூரில் இல்லை, அதுதான் நம் பிரச்சினை.

தம்பியிடம் இப்படிச் சின்ன வீடு மாதிரி ஏதாவது முயன்று பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். 'அங்க போனா நான்தான் காய் நறுக்கணும்.' எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அவன் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்று இத்தனை நாள் இங்கே எழுதியது நான்தானே. இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்பேன்.

01.07.2024

சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையைப் பற்றிக் கேட்டவருக்கு: அது ஆஸ்பத்திரி, ஹோம் இல்லை. 1794இல் தொடங்கிய பாரம்பரியம். அங்கே சிகிச்சை எடுத்துச் சரியாகி வீடு திரும்புகிறவர்கள்தான் பெரும்பான்மை. வடிவேலு ஜோக்குகளை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

13.07.2024

கேள்வி கேட்டவர் தனிச் செய்தி அனுப்பியிருந்தார், இங்கேயே பதில் எழுதச் சம்மதித்தார். வேறு இரண்டு இடம் பார்த்திருக்கிறார். இரண்டாவது இடம் பழைய கட்டடம், சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது, சத்தமாக இருந்தது, அண்ணனை ஒரு வாரம் தங்கிப் பார்க்கச் சொன்னார்கள். அண்ணன் மூன்றாம் நாளே வீட்டுக்குப் போகணும் என்றிருக்கிறார், அவர்களே போன் போட்டுக் கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு பேர், எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதிவுச் சான்றிதழும் பார்த்துவிட்டார். 20,000.

சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். முன்பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுத்துவிட்டால் எத்தனை நாளில் திரும்பத் தருவார்கள், உடைந்த பொருளுக்குக் கழிப்பார்களா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு ஒரு இடத்தில் ஒரு வருஷம் இழுத்தார்கள். மருத்துவச் சீட்டு, பழைய ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு செட்டை அண்ணன் பையில் வையுங்கள், மூலத்தை ஹோமில் கொடுக்காதீர்கள். அண்ணன் ஒரு நாளைக்கு எட்டுப் பீடி என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கிற அன்று அதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், வார்டன் சொல்வார் என்று விடாதீர்கள். சட்டைகளில் பெயர் எழுத சலவை மை திருச்சியில் எங்கேயும் கிடைக்கும், கறுப்புதான் நிற்கும்.